காலிமுகத்திடலில் கையை விட்டேன்

விமானத்தில் முதல் தடவை ஏறும்போது பிள்ளைகள் பக்கத்தில் இருக்க வேண்டும் என்றாள் அமுதா. நாங்கள் கொழும்புக்குப் போனதற்கு அதைத் தவிர வேறு காரணம் கிடையாது. திருவனந்தபுரத்திலிருந்து பறந்துபோகக்கூடிய வெளிநாடுகளில் பக்கத்தில் இருப்பது அதுதான்.

அமுதா என் மனைவி. போனக்காடு மலைத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்து, அந்த லயத்து வரிசை வீடுகளிலிருந்து நர்ஸிங் படிக்க மலை இறங்கிய முதல் பெண். பதினோரு வருஷமாக ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் வேலை. இப்போது அயர்லாந்தில் வேலை கிடைத்து, விசாவும் கைக்கு வந்துவிட்டது. ஓணத்துக்கு முன்னால் அங்கே இருக்க வேண்டும். குடும்பத்தைக் கூட்டிக்கொள்ள இரண்டு வருஷமாவது ஆகும் என்கிறார்கள். அதுவரை எட்டு வயது தாராவையும் நாலு வயது குட்டுவையும் நான் ஒற்றை ஆளாகப் பார்த்துக்கொள்ள வேண்டும். என் பக்கத்திலும் சரி, அவள் பக்கத்திலும் சரி, வந்து தங்கி உதவி செய்ய ஆள் இல்லை.

நான் திருவனந்தபுரம் சாலைக் கடைத்தெருவில் ஒரு பாத்திரக் கடையில் நிற்கிறவன். எந்தக் குண்டானுக்கு எந்த மூடி பொருந்தும் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். குட்டுவின் எந்தச் சட்டைக்கு எந்த நிக்கர் என்று கேட்டால் திருதிருவென்று முழிப்பேன். அமுதாவுக்கு இது தெரியும். டிக்கெட் போடலாமா, வேண்டாமா என்று அயர்லாந்துக்காரர்களுக்கு அவள் இன்னும் பதில் அனுப்பாமல் வைத்திருந்ததே இதனால்தான். ஊர் திரும்பிய மறுநாள் பதில் சொல்லியாக வேண்டும். கிளம்புகிற அன்று விடிகாலையில் என்னைக் கூப்பிட்டு, "இந்த நாலு நாளும் குட்டு உங்க பொறுப்பு. நான் கேக்க மாட்டேன், சொல்லித் தர மாட்டேன்" என்றாள். பரீட்சை வைக்கிறாள் என்று புரிந்தது. எனக்குக் கோபம் வந்தது. பெற்ற பிள்ளையைப் பார்த்துக்கொள்ள எனக்கு என்ன பரீட்சை?

விமானத்தில் ஏறி, பெல்ட்டைப் போட்டு, காது அடைக்கிறது என்று அழுத குட்டுவின் வாயில் ஒரு மிட்டாயைப் போட்டேன். அது கரைந்து முடிகிறதற்குள் பெல்ட்டைக் கழற்றி இறங்கச் சொல்லிவிட்டார்கள். அமுதா ஜன்னலோரம் உட்கார்ந்து இரண்டு பிள்ளைகளின் கைகளையும் மடியில் வைத்துப் பிடித்திருந்தாள். மேகத்தை அவள் பார்த்தாளா என்று எனக்குச் சந்தேகம்தான். பிள்ளைகளின் விரல்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா, அயர்லாண்டுக்கும் இத்தர நேரந்தானே?" என்று கேட்டாள் தாரா. பள்ளிக்கூடத்தில் முழுக்க மலையாளம். அதனால் அவள் தமிழ் எப்போதும் இரண்டும் கலந்துதான் வரும்.

"கொஞ்சம் கூட ஆகும் மோளே" என்றாள் அமுதா.

கொழும்பின் வெள்ளவத்தையில் ஒரு யாழ்ப்பாணத்து அம்மாவின் வீட்டு மாடியில் தங்கினோம். முதல் நாள் காலையே இடியாப்பமும் தேங்காய்ச் சம்பலும் சொதியும் வந்தன. சொதியைப் பார்த்ததும் எனக்கு வாயெல்லாம் பல். என் அப்பா வள்ளியூர் பக்கத்துக்காரர். கிழக்கேகோட்டை ஹோட்டல் ஒன்றுக்கு வேலைக்கு வந்து அப்படியே தங்கிவிட்டவர். எங்கள் திருநெல்வேலிப் பக்கத்தில் சொதி என்றால் கல்யாணத்துக்கு மறுநாள் மாப்பிள்ளைக்கு வைக்கிற விருந்து. காய்கறியும் பாசிப்பருப்பும் போட்டுக் கெட்டியாக இருக்கும். இங்கே மஞ்சள் தண்ணீராக, தினப்படி காலைச் சாப்பாடாக இருக்கிறது. "இது சொதியே இல்ல" என்று நான் முணுமுணுத்தது அந்த அம்மா காதில் விழுந்துவிட்டது.

"உங்கட ஊர்ச் சொதியை உங்கட ஊரில குடியுங்கோ. இப்ப பிள்ளைக்கு ஊட்டுங்கோ, ஆறுது" என்றார்.

நான் ஊட்டினேன். குட்டு துப்பினான். அமுதா திரும்பியே பார்க்கவில்லை. அவள் பாட்டுக்குச் சாப்பிட்டாள். ஆனால் அவள் காது எங்கள் பக்கம்தான் இருந்தது என்று எனக்குத் தெரியும்.

இரண்டாம் நாள் புறக்கோட்டைச் சந்தைக்குப் போனோம். நம் சாலைத் தெருவை நாலாக மடித்து வைத்த கூட்டம். துணி ஒரு தெரு, மருந்து ஒரு தெரு, பாத்திரம் ஒரு தெரு. பாத்திரத் தெருவில் என் கால் நின்றுவிட்டது. இடியாப்ப உரல் ஒன்றைக் கையில் எடுத்துத் திருகிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"கடலத் தாண்டி வந்தும் மூடியத்தான் பாக்குறீங்க" என்று அமுதா சிரித்தாள். அந்தப் பயணத்தில் அவள் வாய்விட்டுச் சிரித்தது அந்த ஒரு தடவைதான் என்று இப்போது நினைக்கிறேன்.

திரும்பும்போது கடலோர ரயிலில் வந்தோம். தண்டவாளத்துக்கும் கடலுக்கும் நடுவில் நாலு கருங்கல்தான். அலை அடித்தால் ஜன்னலில் தண்ணீர் தெறிக்கிறது. கதவை யாரும் மூடுவதில்லை. ஆட்கள் கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டே வருகிறார்கள். குட்டுவுக்குக் கடலைக் காட்டலாமென்று அவனை வாசலருகே நிறுத்தினேன். பின்னாலிருந்து ஒரு சிங்களப் பெண்மணி கையை நீட்டி அவன் சட்டையைப் பிடித்து உள்ளே இழுத்து என்னைப் பார்த்து ஏதோ சொன்னார். பக்கத்தில் நின்றவர் தமிழில் சொன்னார்: "உங்களுக்கு இது புது ரயில், பிள்ளைக்கு இது புது உலகம், உள்ளுக்கு நில்லுங்கோ எண்டு சொல்லுறா."

"எனக்குத் தெரியும்" என்றேன். சுள்ளென்றுதான் சொன்னேன். அந்த ஆள் கடல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

மூன்றாம் நாள் சாயங்காலம் காலிமுகத்திடலுக்குப் போனோம். கடலை ஒட்டி நீளமாக ஒரு புல்வெளி. ஒரு பக்கம் துறைமுகத்துக் கிரேன்கள் வரிசையாக நிற்கின்றன. கடலில் கப்பல்கள் தங்கள் முறை வரக் காத்துக் கிடக்கின்றன. குடும்பம் குடும்பமாக ஆட்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். பட்டம் விடுகிறார்கள். இறால் வடை தின்கிறார்கள். பருப்பு வடையின் மேல் முழு இறாலை, ஓடும் மீசையுமாக, அப்படியே பதித்துப் பொரித்துத் தருகிறார்கள். தாரா மீசையைப் பிய்த்து என் காதில் வைத்தாள்.

"அப்பா, இந்தக் கப்பலு நம்ம விழிஞ்ஞம் போர்ட்டுக்கும் வருமா?"

"வரும். இப்ப அங்கயும் பெரிய கப்பல் வருதுல்லா."

"அப்ப அம்மா கப்பல்ல வரலாமே, லீவுக்கு" என்றாள் தாரா. அமுதா அவளைப் பக்கத்தில் இழுத்துத் தலைமுடியைச் சரிசெய்ய ஆரம்பித்தாள். சரியாக இருந்த முடியைத்தான்.

வெளிச்சம் மங்குவதற்குள் கிளம்பி ரோட்டோரம் பஸ்ஸுக்கு நின்றோம். இங்கே எங்கள் ஊர்ப் பழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். திருவனந்தபுரத்தில் பஸ் என்றால் பெண்கள் முன்வாசலில் ஏறுவார்கள், ஆண்கள் பின்வாசலில். எழுதிப் போட்ட சட்டம் மாதிரி எல்லோருக்கும் கால் தானாகப் போகும். சின்னப் பிள்ளைகள் அம்மாவோடு முன்னால். கிழக்கேகோட்டை ஸ்டாண்டில் நாங்கள் ஏறுவது இப்படித்தான். பஸ் வந்ததும் குட்டுவின் முதுகில் ஒரு தட்டு தட்டி முன்வாசல் பக்கம் விடுவேன். அமுதா கையை நீட்டி வாங்கிக்கொள்வாள். நான் பின்வாசலுக்கு ஓடுவேன். இறங்குகிற வரைக்கும் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்ப்பதே கிடையாது. அவன் நடக்கத் தொடங்கியதிலிருந்து இதே கதைதான்.

கொழும்பு பஸ்ஸுக்கும் இரண்டு வாசல் இருந்தது. யாரும் எதிலும் ஏறலாம் என்பதை நான் கவனிக்கவேயில்லை. இரண்டு நாளாக ரயிலிலும் ஆட்டோவிலும்தான் சுற்றியிருந்தோம். பஸ் முழுதாக நிற்கவில்லை, வேகத்தைக் குறைத்தது, அவ்வளவுதான். நடத்துநர் தொங்கிக்கொண்டு, "பம்பலப்பிட்டி, வெள்ளவத்தை, தெகிவளை" என்று கத்தினார். அமுதாவும் தாராவும் முன்னால் ஓடினார்கள். என் கை குட்டுவின் கையை விட்டது. முதுகில் தட்டினேன். "ஓடு மக்ளே, அம்மாகிட்ட" என்றேன். பின்வாசலைப் பார்த்து ஓடித் தாவி ஏறினேன்.

அமுதா கையை நீட்டவில்லை. ஏன் நீட்ட வேண்டும்? நாலு நாளும் அவன் என் பொறுப்பு.

பஸ்ஸில் மூச்சு முட்டுகிற கூட்டம். ஆனால் கடல்காற்று வந்தது. எனக்குச் சந்தோஷமாக இருந்தது. இன்னும் ஒரு நாள்தான், பெரிய தப்பு ஒன்றும் இல்லாமல் ஒப்பேற்றிவிட்டோம் என்று நினைத்துக்கொண்டு நின்றேன். கொள்ளுப்பிட்டி தாண்டிக் கொஞ்சம் பேர் இறங்கினார்கள். முன்னால் அமுதாவின் தலை தெரிந்தது. அவள் திரும்பி என்னைப் பார்த்தாள். பிறகு என் இடுப்புக்குக் கீழே பார்த்தாள். என் இரண்டு பக்கமும் பார்த்தாள்.

"குட்டு எங்க?"

பஸ்ஸே திரும்பிப் பார்க்கிற குரல். எனக்கு அந்த நொடியிலும் புத்தி வரவில்லை. "உங்கிட்டல்லா இருக்கான்" என்றேன்.

எப்படி இறங்கினோம் என்று சரியாக ஞாபகம் இல்லை. ஓர் ஆட்டோவை மறித்தோம். ஓட்டியவர் தொப்பி போட்ட வயசுப் பையன், தமிழ் பேசினான். "எந்த ஹோல்ட்ல ஏறின நீங்க?" என்று கேட்டான். பஸ் நிறுத்தத்தை அங்கே அப்படித்தான் சொல்கிறார்கள். நான் உளறினேன். தாராதான், "வடை விக்கிற எடத்துக்கு எதிர்ல, ஒரு பெரிய ஹோட்டல் உண்டு" என்று சொன்னாள். "பயப்படாதீங்க, புள்ள அங்கதான் ஈக்கும்" என்றான் அவன். வண்டி நகரவில்லை. ரோடு முழுக்க ஆபீஸ் விட்ட கூட்டம். அந்த ரோட்டுக்கு ஒரு பக்கம் கடல், நடுவில் கண்மண் தெரியாமல் ஓடுகிற பஸ்கள். என் நாலு வயதுப் பிள்ளை அங்கே நிற்கிறான். அவனுக்குத் தெரிந்த வீட்டு விலாசம் 'ஸ்ரீவராகம், கொளத்துப் பக்கம்' ஒன்றுதான். பத்மநாபசாமியையும் எங்கள் ஊர்ச் சாஸ்தாவையும் ஒரே மூச்சில் கூப்பிட்டேன். தாரா, "எனக்குப் பேடியா இருக்கு அப்பா, பேடியா இருக்கு" என்று பயந்து அழுதாள். அமுதா ஆட்டோவின் கம்பியைப் பிடித்தபடி முன்னால் இருக்கிற ஒவ்வொரு வண்டியையும் கண்ணாலேயே தள்ளிக்கொண்டிருந்தாள். என்னை ஒரு வார்த்தை திட்டியிருக்கலாம்.

இருபது நிமிஷம் ஆகியிருக்கும். அவன் இருந்தான்.

நிறுத்தத்துக்குப் பக்கத்தில் மாங்காயும் அன்னாசியும் மிளகாய்த்தூள் போட்டு விற்கிற ஒரு பெண், அவனைத் தள்ளுவண்டியின் ஓரத்தில் ஒரு முக்காலியில் உட்கார வைத்திருந்தாள். இடது கையில் அவன் சட்டைக் காலரைக் கொத்தாகப் பிடித்தபடி, வலது கையால் மட்டும் மாங்காயைப் பொட்டலத்தில் போட்டுக்கொண்டிருந்தாள். அவனுக்கு ஒரு முழங்கால் சிராய்த்திருந்தது. ஒரு செருப்பைக் காணோம்.

நான் ஓடிப்போய்த் தூக்கப் போனேன். அவள் விடவில்லை. ஆட்டோக்காரப் பையனிடம் சிங்களத்தில் படபடவென்று பேசினாள். அவன் சொன்னான்: "வார ஆக்கள் எல்லாம் ஏண்ட புள்ளன்டு சொன்னா குடுக்க ஏலாதாம். புள்ள சொல்லட்டுமாம்."

குட்டு முக்காலியிலிருந்து குதித்து என் தொடையைக் கட்டிக்கொண்டான். "அப்பா எந்தின போனே?" என்று கேட்டான். ஏன் போனாய் என்று.

அந்தப் பெண் காலரை விட்டாள். மறுபடி பேசினாள். இப்போது அவள் முகம் இளகியிருந்தது. பையன் எங்களுக்குச் சொன்னான்: "பஸ்ஸுக்குப் பின்னால ஓடி வுழுந்தானாம். இவ போய்த் தூக்கினாளாம். அப்பா, அப்பான்டுதான் கத்தினானாம். அம்மாவ ஒருக்காச் சரி கூப்புடல்லயாம். புள்ளக்கி உம்மா இல்ல போலன்டு இவ நெனச்சாளாம்."

அவன் நல்ல மனசோடுதான் சொன்னான். அமுதா என் பின்னால் நின்றிருந்தாள். கேட்டுக்கொண்டாள். நடைபாதை விளிம்பில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். மாங்காய்க்காரிக்கு அப்போதுதான் இவள் யார் என்று விளங்கியிருக்க வேண்டும். வாயைப் பொத்திக்கொண்டாள். ஒரு மாங்காய்ப் பொட்டலத்தைக் கொண்டுவந்து அமுதாவின் கையில் திணித்தாள். நான் அவளைக் கையெடுத்துக் கும்பிட்டேன். அவளுக்கு நன்றி சொல்ல எனக்கு அவள் மொழியில் ஒரு வார்த்தை தெரியவில்லை.

அறைக்கு வந்ததும் அமுதா அவன் முழங்காலைக் கழுவி மருந்து போட்டாள். எனக்கு அடக்க முடியவில்லை.

"நீ போக வேண்டாம் அமுதா. என்னால முடியாது. இன்னிக்கிப் பாத்தல்லா? ஒரு பஸ்ல ஏத்தத் துப்பில்ல எனக்கு" என்றேன்.

அவள் பஞ்சை மடித்துக்கொண்டே சொன்னாள்: "உங்களப் பத்தித்தான் இத்தன நாளும் பயந்துட்டிருந்தேன். இப்ப என்னப் பத்திப் பயமா இருக்கு. இப்பவே அவன் என்னக் கூப்பிடல. ரெண்டு வருஷம் கழிச்சு?"

"கைய விட்டது நான். அதனால என்னக் கூப்பிட்டான்."

"செரி" என்றாள். அது சம்மதமா, பேச்சை முடிக்கிற சரியா என்று தெரியவில்லை. குட்டு என் சட்டையைப் பிடித்தபடியே தூங்கிப்போனான்.

நாலாம் நாள். மத்தியானத்துக்கு மேல் விமானம். தெகிவளையில் இருக்கிற மிருகக்காட்சிசாலைக்குக் காலையில் கூட்டிப்போவதாகப் பிள்ளைகளுக்கு வாக்குக் கொடுத்திருந்தோம். ஆட்டோ பிடிக்கலாம் என்றேன். அமுதா, "பஸ்ல போவோம்" என்று விறுவிறுவென்று முன்னால் நடந்தாள். பிள்ளைகளின் கையைப் பிடித்துக்கொண்டு நான் பின்னால் நடந்தேன்.

பஸ் வருவது தூரத்தில் தெரிந்தபோது அவள் சொன்னாள்: "நீங்க ரெண்டு பேரையும் கூட்டிட்டு ஏறுங்க. நான் இதுல வரல."

"என்ன வெளயாட்டு இது?"

"வெளயாட்டு இல்ல. தெகிவளைச் சந்தியில எறங்கி நில்லுங்க. ஏறுங்க."

வாதாட நேரம் இல்லை. குட்டுவை இடுப்பில் தூக்கினேன். தாராவின் மணிக்கட்டைப் பிடித்தேன். முன்வாசல்தான் பக்கத்தில் இருந்தது. என் ஆயுசில் முதல் தடவையாக முன்வாசலில் ஏறினேன். பஸ் கிளம்பியது. "அம்மா கேறலே! அம்மா கேறலே!" என்று தாரா அலறினாள். நடத்துநர் மணி அடிக்கப் போனார். நான் தலையை ஆட்டி, போகலாம் என்று கையைக் காட்டினேன். அந்தக் கையைக் காட்ட நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். கண்ணாடி வழியாகத் திரும்பிப் பார்த்தேன். அமுதா பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றிருந்தாள். கையசைக்கவில்லை.

தெகிவளையில் இறங்கி நின்றோம். அடுத்த பஸ் வந்தது. அவள் அதில் இல்லை. அதற்கடுத்த பஸ்ஸிலும் இல்லை. போனில் கூப்பிடலாமென்றால் இரண்டு போனும் என் பையில்தான் கிடந்தன. "அப்பா, திரிச்சுப் போவோம், அம்மாக்கு வழி அறியாது" என்று தாரா அழ ஆரம்பித்தாள். என் காலும் அதைத்தான் சொன்னது. பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு திரும்பி ஓடு, ஓடு என்று சொன்னது. ஆனால் நான் இங்கிருந்து போக, அவள் அங்கிருந்து வர, நடுவில் தவறிவிட்டால்? நிற்கச் சொன்ன இடத்தில் நிற்பதுதான் இப்போது என் வேலை என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். செவ்விளநீர் ஒன்று வாங்கி இரண்டு பேருக்கும் கொடுத்தேன். குட்டுவின் மூக்கைச் சிந்திவிட்டேன். ஒன்றுக்கு வருகிறது என்றான். கடைக்காரரிடம் சைகையில் கேட்டுப் பின்பக்கம் கூட்டிப்போய் வந்தேன். அப்போதும் தாராவின் மணிக்கட்டை விடவில்லை. அவளும் கூடவே முனகிக்கொண்டு வந்தாள்.

குட்டு கேட்டான், "அம்மா டூட்டிக்குப் போயா?"

"ஆமா மக்ளே. டூட்டிக்குப் போயிருக்கா. வருவா."

"செரி" என்றுவிட்டு இளநீரை உறிஞ்சினான்.

மூன்றாவது பஸ்ஸிலும் அவள் இல்லை. நாலாவதில் இருந்து இறங்கினாள். கண் இரண்டும் சிவந்திருந்தன. எங்கள் மூன்று பேரையும் ஒவ்வொருவராகப் பார்த்தாள். குட்டுவின் சட்டை, நிக்கர், தாராவின் முகம், என் பிடி, எல்லாவற்றையும் பார்த்தாள்.

"மூணு பஸ்ஸ விட்டேன்" என்றாள். "பிள்ளைகளத் தூக்கிட்டுத் திரும்ப ஓடி வந்துருவீங்கன்னு அங்கயே நின்னு பாத்தேன்."

"வரல" என்றேன்.

"ஆமா. வரல."

அதற்குள் குட்டு இளநீரிலிருந்து வாயை எடுத்து அண்ணாந்து பார்த்தான். "அம்மா, டூட்டி கழிஞ்ஞா?" என்று கேட்டான்.

அமுதா குனிந்து அவன் வாயைத் துடைத்துவிட்டாள். "இல்ல மக்ளே, இனிமேத்தான் போகணும்" என்றாள். அவனிடம் சொன்னாலும் என்னைத்தான் பார்த்துச் சொன்னாள். போய் வா என்று வாயால் சொல்ல எனக்கு வரவில்லை. தலையை ஆட்டினேன். அழுகை பொத்துக்கொண்டு வந்தது. இரண்டு கையிலும் பிள்ளைகள் இருந்ததால் அதைத் துடைக்காமலே நின்றேன்.